டீச்சர், அந்தப் பச்சைப் பொத்தான் உங்களுக்கானது அல்ல

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: பள்ளி விளையாட்டுப் போட்டியை ஏழெட்டுப் பெற்றோர் தங்கள் கைத்தொலைபேசியில் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடக் காணொளியாக்கிப் பரிசளிப்பு நாளில் திரையிட வேண்டும். இலவச வீடியோ எடிட்டிங் மென்பொருள் என்று தேடி, முதலில் வந்த பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்திப் பதிவிறக்கியிருக்கிறார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டிவிட்டுச் சேமித்தால், பிள்ளைகளின் முகத்துக்குக் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. அதை எடுக்கக் காசு கட்டச் சொல்கிறது. போதாததற்குப் பிரவுசரைத் திறந்தால் முன்பின் பார்த்திராத தேடல் பக்கம் ஒன்று வருகிறது. மடிக்கணினி விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. "நண்பரிடம் கிராக் போட்ட (உரிமப் பூட்டை உடைத்த) நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது, பென்டிரைவில் வாங்கி வருகிறேன்" என்கிறாராம் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

டீச்சர், நான் பிறை ஊரில் இருந்துகொண்டு இருபது வருடம் போலக் கல்யாணம், காதுகுத்து, தண்ணீர்மலைத் தைப்பூசம் என்று வீடியோ எடுத்து வெட்டிக் கொடுப்பவன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. எந்த மென்பொருள் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கிருந்து இறக்குவது, என் கணினி அதைத் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டும் சரியாக இருந்தால், எதை எடுத்தாலும் உங்கள் பத்து நிமிடம் முடிந்துவிடும்.

முதலில் வீட்டைக் கூட்டுவோம். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று இருக்கும். பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். நீங்கள் பொத்தானை அழுத்திய அன்றைக்கு ஒன்றல்ல, மூன்று நான்கு பெயர்கள் வந்து உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த எடிட்டர், அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த 'கணினியை வேகமாக்கும்' ஏதோ ஒன்று, பிரவுசருக்கு ஒரு 'உதவியாளர்'. நீங்களாகக் கேட்டு வாங்காத எதையும் தயங்காமல் நீக்குங்கள். அப்புறம் பிரவுசருக்குள் போய், எக்ஸ்டென்ஷன் பட்டியலில் தெரியாததை எடுத்துவிட்டு, தேடல் பக்கத்தைப் பழையபடி மாற்றுங்கள். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஒன்று. அது ஓட ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காசு கொடுத்துத் தனி ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை.

அந்தப் பச்சைப் பொத்தான் எப்படி அங்கே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேடல் முடிவில் மேலே வருபவற்றில் பல, காசு கட்டி வாங்கிய இடங்கள். ஓரத்தில் சிறிய எழுத்தில் விளம்பரம் என்று இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். இன்னொரு வகை, மற்றவர்களுடைய மென்பொருளை எடுத்து அடுக்கிவைத்திருக்கும் பதிவிறக்கத் தளங்கள். அங்கே ஒரே பக்கத்தில் நான்கு 'டவுன்லோட்' இருக்கும். பெரிதாக, பச்சையாக, துடித்துக்கொண்டிருப்பவை விளம்பரம். உண்மையானது பெரும்பாலும் ஒரு வரி நீல எழுத்தாக ஓரத்தில் கிடக்கும்.

இதில் நல்ல உதாரணம் விண்டோஸ் மூவி மேக்கர். ஒரு காலத்தில் நம் ஊரில் பாதிப் பேர் வீடியோ வெட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மக்கள் தேடுவதை நிறுத்தவில்லை. அதே வருடம் நவம்பரில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தது: மூவி மேக்கர் பெயரிலேயே ஒரு போலித் தளம், கூகுளில் தேடினால் மேலேயே வந்துகொண்டிருந்தது. இறக்கினால் பார்க்க அசல் மாதிரியே வேலை செய்யும். சேமிக்கப் போகும்போதுதான் 29.95 டாலர் கட்டு என்று கேட்கும். இலவசமாக இருந்த ஒரு பொருளுக்கு, அதைச் செய்யாதவன் காசு வாங்கினான். உங்களுக்கு நடந்ததும் இதன் தம்பிதான். வெட்டும்போது ஒன்றும் கேட்கமாட்டார்கள், இரண்டு மணி நேர உழைப்பு உள்ளே போன பிறகுதான் கை நீட்டுவார்கள். அவ்வளவு நேரம் செலவழித்தவர் கட்டிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆக, இலவசம் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, பார்த்துப் பழக மட்டும் இலவசம், வெளியே எடுக்கக் காசு. உங்கள் பச்சைப் பொத்தான் இந்த ரகம். இரண்டு, பெரிய நிறுவனம் ஒன்று அடிப்படை வேலைகளை உண்மையாகவே இலவசமாகக் கொடுத்துவிட்டு, மேல்மாடிக்கு மட்டும் டிக்கெட் போடுவது. மூன்று, தன்னை எழுதிய மூலநிரலையே யாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். அதில் மேல்மாடியே கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பள்ளிக் கணினி அறையில் முப்பது கணினியில் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கு எடுப்பவருக்கு மூன்றாவதுதான் நிம்மதி.

கிராக் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஐயா கோபப்படக் கூடாது. அந்த மென்பொருளைத் திறந்துவிட்டவன் யாரென்று உங்களுக்குத் தெரியாது. நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவைக்கச் சொல்வான். திருடன் வந்து நாயைக் கட்டிப்போடுங்கள் என்று சொல்வது போல. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு கடையில் பத்து வெள்ளிக்குச் சிடி வாங்கிப் போட்டவன்தான். மூன்றாவது வாரம், ஒரு கல்யாணத்தின் கிளிப்புகள் இருந்த வட்டில் கோப்புகளின் பெயரெல்லாம் மாறி, ஒன்றும் திறக்கவில்லை. நல்ல வேளை, கேமரா டேப் கையில் இருந்தது. மறுபடி ஓடவிட்டு ஏற்ற இரண்டு இரவு ஆனது. இப்போது டேப் இல்லை. பெற்றோர் அனுப்பிய கிளிப் போனால் போனதுதான். அந்தக் கணினியில் பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், பெற்றோர் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கணினி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ரேம் எவ்வளவு, இப்போது எவ்வளவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். 8 ஜிபியில் பிரவுசர் பத்துப் பக்கத்தோடு திறந்திருந்தால் பாதி அங்கேயே போயிருக்கும். எடிட் செய்யும்போது அதை மூடிவிடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய வேகம் இதுதான். வட்டில் 40, 50 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

நீங்கள் யாரைக் கேட்டாலும் டாவின்சி ரிசால்வ் என்பார்கள். சினிமாக்காரர்கள் நிறம் திருத்தப் பயன்படுத்துவது, ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009-இல் அதைச் செய்த நிறுவனத்தையே வாங்கியது. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியே எடுக்கலாம். கட்டணப் பதிப்புக்கு மட்டும் உரிய விளைவை நீங்கள் தொடாதவரை படத்தின் குறுக்கே நிறுவன முத்திரை விழாது. நான் தினமும் வேலை செய்வது அதில்தான். ஆனால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். இறக்கவே பல ஜிபி, 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். உங்கள் மடிக்கணினியில் போட்டால் திறக்கும், ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது படம் தத்தித் தத்தி நடக்கும். நீங்கள் மென்பொருளைத் திட்டுவீர்கள், அது பாவம்.

கேப்கட் என்ற எடிட்டிங் செயலி பிள்ளைகளுக்கே தெரியும். கைத்தொலைபேசியில் முப்பது விநாடிக் கிளிப்புக்கு அதைவிடச் சுலபம் கிடையாது. ஆனால் எது இலவசம், எது காசு கட்டும் புரோ என்ற கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் சும்மா கிடைத்த விளைவு இந்த மாதம் வைரக்கல் போட்டு நிற்கும்.

கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் பற்றி நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2021-இல் வாங்கி விண்டோஸ் 11-உடன் சேர்த்துவிட்டது. அதாவது உங்கள் கணினியில் அது அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டார்ட்டில் பெயரைத் தட்டிப் பாருங்கள். இலவசத்திலேயே 1080 (முழு எச்டி) தரத்தில், முத்திரை இல்லாமல் எடுக்கலாம். இந்த ஒரு முறை மட்டும்தான் என்றால் எதையும் பதிவிறக்காதீர்கள், அதிலேயே முடித்துவிடுங்கள். அதற்குக் கணக்கு திறந்து உள்ளே போக வேண்டும், இணையமும் வேண்டும். நீங்கள் வருடா வருடம் செய்யப்போவதாகவும், மாணவர் மன்றத்துக்கும் கற்றுத்தர ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக் கணினி அறையில் இணையம் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதனால் நான் சொல்வது ஷாட்கட்.

ஷாட்கட் மூன்றாவது ரகம், திறந்த மூலநிரல். டான் டென்னடி என்பவர் பொறுப்பில் வளர்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அவர்களே சொல்லும் கணக்கு, 1080 தரத்துக்கு 8 ஜிபி ரேம், 4கே-வுக்கு 16. உங்கள் கணினிக்கு அளவெடுத்துத் தைத்தது போல. கேடென்லைவ் என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் நல்லது. உள்ளே ஓடும் இயந்திரம் இரண்டுக்கும் ஒன்றே, எம்எல்டி என்று பெயர். கேடென்லைவில் வசதி கூடுதல், திரையில் பொத்தானும் கூடுதல். ஓப்பன்ஷாட் இரண்டையும்விட எளிது, சின்ன வேலைக்குப் போதும். மூன்றையும் போட்டுப் பார்த்து ஒப்பிட நேரமில்லை என்பதால்தான் ஒன்றைச் சொல்கிறேன்.

இனி இறக்குவது. தேடாதீர்கள். பிரவுசரின் மேல்பட்டியில் ஆங்கிலத்தில் ஷாட்கட் என்று ஒரே சொல்லாகத் தட்டி, ஒரு புள்ளி, பிறகு ஓ, ஆர், ஜி என்ற மூன்று எழுத்து. அவ்வளவுதான் முகவரி. முன்னால், பின்னால் 'ஃப்ரீ', 'புரோ', '2025' என்று வால் ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறு யாரோ. பக்கம் வந்ததும் டவுன்லோட் பகுதிக்குப் போங்கள். இலவச மென்பொருள் செய்பவர்களும் சோறு சாப்பிட வேண்டும், அவர்கள் தளத்திலேயே விளம்பரம் ஓடலாம். அந்த விளம்பரத்தில் மறுபடி ஒரு டவுன்லோட் பொத்தான் இருக்கலாம். பெரிதாக இருப்பதைத் தொடாமல், விண்டோஸ் என்று எழுதியதற்குக் கீழே இருக்கும் இணைப்பைத் தேடுங்கள். அழுத்துவதற்கு முன் சுட்டியை அதன்மேல் வைத்தால், திரையின் கீழ் இடது மூலையில் அது எங்கே போகும் என்ற முகவரி தெரியும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி மோசடி உங்களிடம் பலிக்காது. அங்கிருந்து, மென்பொருள் கோப்புகளை வைக்கும் கிட்ஹப் போன்ற வேறு இடத்துக்கு இணைப்பு போனால் பயப்பட வேண்டாம். அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து போகிற வழி என்பதுதான் முக்கியம்.

விண்டோஸுக்கு இரண்டு கிடைக்கும். இன்ஸ்டாலர் என்பது வழக்கமான நிறுவல். போர்ட்டபிள் என்ற, சுருக்கிக் கட்டிய சிப் கோப்பு, நிறுவாமலே விரித்து ஓட்டக்கூடியது. உங்கள் வீட்டுக் கணினிக்கு முதலாவது. பள்ளிக் கணினியில் எதை நிறுவவும் அட்மின் கடவுச்சொல் கேட்குமே, அங்கே இரண்டாவதைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஆனால் பள்ளிப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு நல்ல அடையாளம்: ஷாட்கட்டின் பதிப்பு எண்ணிலேயே வருடமும் மாதமும் இருக்கும். 24.11 என்றால் 2024 நவம்பர். யாராவது 18 என்று தொடங்கும் ஒன்றைக் கொடுத்தால், அது எங்கோ அடுக்கில் கிடந்த பழைய சரக்கு.

இறங்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்ததும் இரண்டில் ஒரு பெட்டி வரலாம். திரை கொஞ்சம் இருண்டு, இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்பது ஒன்று. அதில் எல்லோரும் எஸ் அழுத்திவிட்டுப் போகிறார்கள், வெளியிட்டவர் பெயர் இருக்கும் வரியைப் படிப்பதே இல்லை. அதைப் படியுங்கள். நீங்கள் இறக்கியதற்குச் சம்பந்தமே இல்லாத பெயர் இருந்தால் நோ. இன்னொன்று நீல நிறப் பெட்டி, விண்டோஸ் உங்கள் கணினியைக் காப்பாற்றியது என்று பெருமையாகச் சொல்லும். புதிதாக வந்த, அதிகம் பேர் இன்னும் இறக்காத கோப்புக்கெல்லாம் இது வரும். கோப்பு சரியான இடத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மோர் இன்ஃபோ அழுத்தி, ரன் எனிவே. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் மூடிவிட்டு மறுபடி முகவரியிலிருந்து தொடங்குங்கள்.

நிறுவும்போது வரும் பக்கங்கள் குறைவு. உரிமம், எந்த இடத்தில் வைப்பது, இன்ஸ்டால். கூடவே ஏதாவது டூல்பார் வேண்டுமா, பிரவுசர் வேண்டுமா என்று கேட்டால் நீங்கள் தவறான கோப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். மற்ற மென்பொருள்களை நிறுவும்போதும் 'விரைவு' என்பதை விட்டுவிட்டு, 'கஸ்டம்' என்று எழுதிய வழியில் போங்கள். ஒட்டிக்கொண்டு வருபவை அந்த விரைவுக்குள்தான் ஒளிந்திருக்கும். உங்கள் பிரவுசருக்குப் புதுத் தேடல் பக்கம் வந்த வழியும் அதுவாகத்தான் இருக்கும்.

சரியான தளத்திலிருந்தே எடுத்தாலும் தப்பு நடக்காதா என்று கேட்டால், அபூர்வமாக நடந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்பது வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நல்ல இலவச மென்பொருள், நானும் வைத்திருக்கிறேன். 2017 மே மாதம் 2-இலிருந்து 6 வரை, அதன் பதிவிறக்க சர்வர் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் கோப்பை எடுத்துவிட்டுக் கெட்டதை வைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் இறக்கியவர்களில் சிலருக்கு அது போய்ச் சேர்ந்தது. தன்னிடம் வந்தது கெட்டதா என்று பார்க்க உதவுவது கோப்பின் கைரேகை. பல திறந்த மூலநிரல் தளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் அருகில் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி கொடுத்திருப்பார்கள், ஷா-256 என்று பெயர். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுவதும் மாறிவிடும். கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் செவன்-சிப் உங்கள் கணினியில் இருந்தால், கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து அங்கேயே அந்த வரியைப் பார்க்கலாம். முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் சோம்பேறி வழக்கம். முழுவதும் ஒப்பிடுவதுதான் முறை.

சரி, ஷாட்கட் திறந்துவிட்டது. இங்கேதான் புதியவர்கள் முதல் தப்பைச் செய்வார்கள். கிளிப்புகளை டெஸ்க்டாப்பில் கொஞ்சம், பென்டிரைவில் கொஞ்சம், வாட்ஸ்அப் கோப்புறையில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டே இழுத்துப் போடுவார்கள். ஷாட்கட் சேமிப்பது வீடியோவை அல்ல. எந்தக் கிளிப் எங்கே இருக்கிறது, எங்கே வெட்டியது என்ற குறிப்பை மட்டும்தான். மறுநாள் பென்டிரைவைக் கழற்றிவிட்டுத் திறந்தால், கிளிப்பைக் காணோம் என்று சொல்லும். அதனால் முதலில் ஒரே கோப்புறை, அதற்குள் எல்லாக் கிளிப்பும், ஷாட்கட்டின் திட்டமும் அதற்குள்ளேயே.

புதிய திட்டம் தொடங்கும்போது வீடியோ மோட் என்று ஒன்று கேட்கும். தானியங்கி என்று விட்டுவிட்டால், முதலில் போடும் கிளிப் எந்த அளவோ அதையே பிடித்துக்கொள்ளும். யாரோ ஒரு அப்பா நிமிர்த்திப் பிடித்து எடுத்த கிளிப்பை முதலில் போட்டுவிட்டால் முழுப் படமும் நெட்டையாகப் போய்விடும். எச்டி 1080, 25 ஃபிரேம் (விநாடிக்கு 25 படம்) என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் பள்ளி மண்டபத்து டியூப்லைட் அந்தத் தாளத்தில்தான் துடிக்கிறது. 25 அதோடு ஒத்துப்போகும். அடுத்த முறை எடுக்கும்போதே கைத்தொலைபேசியில் 25 வைக்க முடிந்தால், மண்டபத்தில் எடுத்த படத்தில் ஓடும் கறுப்புப் பட்டைகள் பெரும்பாலும் வராது. இந்த முறை பெற்றோர் 30-இல் எடுத்திருப்பார்கள். பரவாயில்லை, கலந்து போடலாம்.

கைத்தொலைபேசிக் கிளிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைத் தெரியாமல் பல பேர் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கேமரா விநாடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுக்கும். கைத்தொலைபேசி அப்படியல்ல. வெளிச்சம் குறைந்தால் படத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு கூட்டும். தனியாக ஓட்டினால் தெரியாது. எடிட்டரில் போட்டு நான்கு நிமிடம் ஓடினால், தமிழ் வாழ்த்துப் பாடும் பிள்ளையின் வாய் மூடியிருக்கும், பாட்டு வந்துகொண்டிருக்கும். ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைப் பார்த்ததும், ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது, எடிட்டுக்கு ஏற்ற வடிவமாக மாற்றட்டுமா என்று கேட்கும். மாற்றச் சொல்லுங்கள். நல்லது, அதைவிட நல்லது, மிக நல்லது என்று மூன்று படிபோல் வரும், முதல் படியே உங்களுக்குப் போதும். மாற்ற நேரம் எடுக்கும், எழுந்து போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வரலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களின் கிளிப் பெரும்பாலும் எச்இவிசி வடிவத்தில் வரும். அதை விண்டோஸில் சாதாரணமாகத் திறந்தால், ஸ்டோரில் காசு கொடுத்து ஒரு சின்ன நீட்டிப்பை வாங்கச் சொல்லலாம். வாங்காதீர்கள். ஷாட்கட் தனக்கு வேண்டியதைத் தன்னோடு கொண்டு வருகிறது, நேராக அதில் திறந்துவிடும்.

வெட்டும்போது திணறினால் மெனுவில் பிரிவியூ ஸ்கேலிங் என்பதைத் தேடி 360 என்று வையுங்கள். பார்க்கும் படம் மட்டும்தான் மங்கலாகும், வெளியே எடுக்கும் படம் முழுத் தரத்தில் வரும். அதுவும் போதவில்லை என்றால் பிராக்சி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் செய்துகொண்டு அதில் வேலை செய்யும், கடைசியில் அசலை எடுத்துக்கொள்ளும். வெட்ட எஸ், வேண்டாத துண்டை நீக்கி இடைவெளியை மூட எக்ஸ். ஆங்கில விசைப்பலகையில் இந்த இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதல் நாள் முழுவதும் ஓட்டிவிடலாம்.

தமிழில் தலைப்பு போட வேண்டுமே! எந்த மென்பொருள் எடுத்தாலும், இரண்டு மணி நேரம் வேலை செய்வதற்கு முன், ஒரு வெற்றுத் திட்டத்தில் 'கொண்டாட்டம்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு, க, கால் மூன்றும் அதனதன் இடத்தில் நிற்கிறதா? சில வீடியோ மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். எழுத்தை ஒட்டவைக்கும் வேலையை அந்த மென்பொருள் செய்யவில்லை என்று அர்த்தம். ஷாட்கட்டின் டெக்ஸ்ட் ஃபில்டரில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். விண்டோஸில் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு இருக்கும். இன்னும் அழகாக வேண்டுமென்றால் கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். பழைய ஆவணங்களில் இருந்து பிள்ளைகளின் பெயரை வெட்டி ஒட்டினால் கிறுக்கலாக வரும். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை, மறுபடி யூனிகோடில் தட்டுங்கள். மேக் வைத்திருக்கும் சக ஆசிரியர் யாராவது இருந்தால், அதில் தமிழ் சங்கம் எம்என் என்ற எழுத்துரு இருக்கும். அந்த எம்என், நம் மலேசியர் முத்து நெடுமாறன்தான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கண் விரியும்.

முடித்ததும் எக்ஸ்போர்ட். பட்டியலில் நூறு பெயர் இருக்கும், யூடியூப் என்பதை எடுங்கள், எம்பி4 கோப்பாக வரும். ஹார்ட்வேர் என்கோடர் என்ற சதுரத்தில் குறி போட்டால் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் வசதி வேலையை எடுத்துக்கொண்டு சீக்கிரம் முடிக்கும். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். சில பழைய புரொஜெக்டர்களும் டிவிகளும் தமிழ்ப் பெயரைக் கண்டால் கோப்பையே காட்டாது.

பென்டிரைவ் பழையதாக இருந்து, அது ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. பத்து நிமிடம் அவ்வளவு வராது, ஆனால் அடுத்த வருடம் முழு நிகழ்ச்சியும் போடப்போகிறீர்களே, அப்போது எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். விழாவுக்கு முதல் நாளே மண்டபத்துக் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், சத்தம் சேர்த்து.

பெற்றோரிடமிருந்து மீதிக் கிளிப் இன்னும் வர வேண்டும் என்றீர்களே. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கி அனுப்பிவிடும், பெரிய திரையில் பிள்ளைகளின் முகம் களிமண் பொம்மை மாதிரி தெரியும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லை கேபிள் போட்டு நேராக இறக்குங்கள். ஏற்கெனவே வீடியோவாக வந்துவிட்டவற்றை அவர்களிடம் மறுபடி கேட்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கேளுங்கள், அசல் இன்னும் அவர்கள் கைத்தொலைபேசியில் இருக்கும்.